ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள், டாக்டர்

"ரெண்டு நாளா ஒரே அசதி டாக்டர். ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க, தெம்பாயிடும்." தமிழ்நாட்டில் சிற்றூர் கிளினிக் எதிலாவது அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. சில நேரம் டாக்டர் மறுப்பார். பல நேரம், மறுத்து விளக்குவதைவிட ஏற்றிவிடுவதே சுலபம் என்று விட்டுவிடுவார். மாத்திரை மட்டும் எழுதி அனுப்பினால் "சரியா பாக்கல" என்ற பேர்தான் மிஞ்சும். கையில் வென்ஃப்ளான், தலைக்கு மேல் பாட்டில், சொட்டுச் சொட்டாய் இறங்கும் நீர். வைத்தியம் நடக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி நோயாளிக்கும் வேண்டியதில்லை, உடன் வந்தவருக்கும் வேண்டியதில்லை.

அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது? ஐந்து சதவீத குளுக்கோஸ் என்றால் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை. அதாவது ஏறக்குறைய 100 கலோரி. இரண்டு இட்லியின் சத்து. நார்மல் சலைன் என்றால் அந்த இரண்டு இட்லியும் இல்லை. லிட்டருக்கு 9 கிராம் வீதம் அரை லிட்டரில் நாலரை கிராம் உப்பு, மீதி தண்ணீர். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பாட்டில் சலைனில் கிட்டத்தட்ட ஒரு நாள் உப்பு முழுவதும் நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. மூன்று பாட்டில் ஏறினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ரத்த அழுத்தக்காரரிடம் ஊறுகாய், அப்பளம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் அதே மருத்துவமனை, இதை யோசனையில்லாமல் ஏற்றுவதுண்டு.

நோயாளி இதைச் சாப்பாடாக நினைக்கிறார். மருத்துவமனையோ பல நேரம் இதைத் தண்ணீராக நினைக்கிறது. உண்மையில் இது மருந்து. அளவு உண்டு, காரணம் உண்டு, பக்கவிளைவு உண்டு, நிறுத்தவேண்டிய நேரமும் உண்டு. ஆன்டிபயாடிக் என்றால் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று பெரிய டாக்டர் கேட்பார். எந்தப் பாட்டில், எத்தனை என்பதை உலகம் முழுக்கப் பெரும்பாலும் எழுதுவது வார்டிலேயே இளையவர், இரவுப் பணியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன். நேற்றைய தாளைப் பார்த்து இன்றைக்கும் அதையே எழுதிவிட்டுப் போவார். சுமார் 190 ஆண்டுகளாக இந்த நீரைப் பற்றி மருத்துவம் கற்ற பாடங்களில் பாதிக்கு மேல், "போதும், நிறுத்து" என்ற பக்கத்தைச் சேர்ந்தவை என்பது என் எண்ணம். மீதிப் பாதி உயிர் காத்த பாடங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

கதை காலராவில் தொடங்குகிறது. 1831 கடைசியில் இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுகங்களில் காலரா இறங்கியது. அயர்லாந்துக்காரரான வில்லியம் புரூக் ஓஷாக்னெஸி அப்போதுதான் இருபதைத் தாண்டியிருந்தார். நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். தார் போலக் கெட்டியாக இருந்தது. தண்ணீரும் போயிருந்தது, உப்புகளும் போயிருந்தன. போனது அவ்வளவும் மலத்தில் இருந்தது. போனதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று லான்செட் இதழில் கேட்டார். நோயாளியின் உடம்பிலிருந்து ரத்தத்தை வடித்து எடுப்பதுதான் அன்றைய வைத்தியம். அதை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் துணிச்சல் புரியும்.

கேள்வியைச் செயலாக்கியவர் ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் இருந்த தாமஸ் லாட்டா. 1832 மே மாதம், நாடி அகப்படாமல் கிடந்த ஒரு முதிய பெண்ணின் கைச் சிரையில் உப்புநீரை ஏற்றினார். அரைமணி நேரத்தில் சுமார் மூன்று லிட்டர். குழிந்த கண்ணில் ஒளி வந்தது, நாடி வந்தது, பேச்சு வந்தது. லாட்டா களைத்துப்போய், அவரை மருத்துவமனை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வயிற்றுப்போக்கு மறுபடி தொடங்கியது. மறுபடி யாரும் ஏற்றவில்லை. சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். சிரை வழித் திரவ சிகிச்சையின் முதல் வெற்றியும் முதல் தோல்வியும் ஒரே நோயாளியிடம் நடந்தேறின. எவ்வளவு ஏற்றினோம் என்பதோடு வேலை முடிவதில்லை. ஏற்றியபின் என்ன ஆகிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். பாடம் அன்றே வந்துவிட்டது, படிக்கத்தான் ஆளில்லை. லாட்டா அடுத்த ஆண்டே இறந்தார். ஓஷாக்னெஸி கல்கத்தாவுக்குக் கப்பலேறி, கஞ்சாவை மேலை மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தவராகவும், இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவராகவும் பேர் வாங்கினார். சாகக் கிடந்தவர்களுக்கு மட்டுமே ஏற்றப்பட்ட, கிருமி நீக்காத அந்த நீர் பலரைக் காப்பாற்றவில்லை. பல பத்தாண்டுகள் மறந்தே போயிற்று.

இன்று நாம் "நார்மல் சலைன்" என்று சொல்வதற்கும் லாட்டாவின் நீருக்கும் நேரடி உறவு இல்லை. 0.9 சதவீதம் என்ற எண்ணுக்கு அடிப்படையாகச் சொல்லப்படுவது, டச்சு அறிஞர் ஹார்டாக் ஹாம்பர்கர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்ணாடிக் குழாயில் ரத்த அணுக்களை உடையாமல் வைத்திருக்கச் செய்த சோதனைகள். உடம்புக்குள் ஏற்றிப் பார்த்து எட்டிய முடிவு அன்று. ஆனாலும் "நார்மல்" என்ற பேர் ஒட்டிக்கொண்டது. நம் ரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் சோடியமும், 100-ஐ ஒட்டிக் குளோரைடும் இருக்கின்றன. நார்மல் சலைனில் இரண்டுமே 154. சோடியம் கொஞ்சம் கூடுதல். குளோரைடு ஒன்றரை மடங்கு. நார்மல் என்பது பேரில் மட்டும்தான்.

லண்டனில் சிட்னி ரிங்கருக்கு வேறு மாதிரி அதிர்ஷ்டம் அடித்தது. 1880களின் தொடக்கத்தில் தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். சுத்த நீரில் செய்தால் துடிப்பு நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான் இதயத்தை ஓட்டியது. 1883-இல் தன் முந்தைய கட்டுரையைத் தானே திருத்தி வெளியிட்டார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்ஸிஸ் ஹார்ட்மன் 1930களில் அதில் லாக்டேட்டைச் சேர்த்தார். ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும் குழந்தைகளுக்கு அது ஈடாகும் என்பது அவர் கணக்கு. வார்டில் "ஆர்.எல்." என்று நர்ஸ் சொல்லும் ரிங்கர் லாக்டேட்டின் பிறப்பு இப்படி.

இனி, ஏற்றிய நீர் எங்கே போகிறது என்று பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணீர். அதில் 28 லிட்டர் செல்களுக்குள்ளே. 14 லிட்டர் வெளியே. வெளியே இருப்பதிலும் நாலில் ஒரு பங்குதான், மூன்று மூன்றரை லிட்டர், ரத்தக் குழாய்க்குள் ஓடுகிறது. மீதி செல்களின் இடுக்குகளில் ஊறிக்கிடக்கிறது. செல்லுக்குள் பொட்டாசியம் அரசாளுகிறது, வெளியே சோடியம். சோடியம் செல்லுக்குள் தங்க முடியாமல் பம்ப் போட்டு வெளியேற்றப்படுவதால், சலைனும் செல்லுக்கு வெளியேதான் நிற்கும். ஒரு லிட்டர் ஏற்றினால் கால் லிட்டர்தான் ரத்தத்தில் தங்கும். முக்கால் லிட்டர் இடுக்குகளில் பாயும். குளுக்கோஸ் நீரின் கதை இன்னும் மோசம். சர்க்கரையைச் செல்கள் எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது எல்லாத் திசையிலும் பரவி, ரத்தத்தில் நூறு மில்லிகூடத் தங்காது. விபத்தில் ரத்தம் போனவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்குச் சமம். கிருமித் தொற்று முற்றிய நிலையில் குழாய்ச் சுவர்களே கசியத் தொடங்கும். அப்போது இந்தக் கணக்குக்கூடத் தேறாது. மூன்றாம் நாள் காலையில் நோயாளியின் கால் வீங்கி, முகம் உப்பி, கூட வந்தவர்கள் "நல்லா தெளிஞ்சிட்டாரு" என்று சொல்லும்போது, அந்த உப்பல் முழுவதும் நாம் ஏற்றிய தண்ணீராகவே இருக்கலாம்.

பெரியவர்கள் உள்ள வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு: "சோடியம் இறங்கிடுச்சாம்." எழுபது வயது பாட்டி, ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை மாத்திரை சாப்பிடுபவர், ஒரு நாள் பேச்சுக் குழம்புகிறார், தள்ளாடுகிறார். ரத்தச் சோதனையில் சோடியம் 118. குடும்பம் உடனே சாப்பாட்டில் உப்பைக் கூட்டுகிறது. சோடியம் குறைந்தால் உப்புக் குறைந்தது என்று நினைப்பது இயல்புதான். பெரும்பாலும் அப்படி இல்லை. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது. இருக்கும் சோடியம் நீர்த்துப்போய்விட்டது. ரசத்தில் தண்ணீர் அதிகமானால் உப்புக் குறைவாகத் தெரிவதுபோல. வலி, வாந்தி, அறுவை, நிமோனியா, சில மாத்திரைகள் எல்லாமே தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனைத் தூண்டிவிடும். சிறுநீரகம் தண்ணீரை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அந்த நேரத்தில் குளுக்கோஸ் பாட்டிலையும் ஏற்றினால் சோடியம் இன்னும் சரியும். மூளைச் செல்கள் நீரை உறிஞ்சி வீங்கும். மண்டை ஓடு விரியாது. வலிப்பு வரும், மூச்சு நிற்கும்.

குழந்தைகள் வார்டில் இதே தவறு ஒரு சூத்திரமாகவே எழுதப்பட்டிருந்தது. 1957-இல் ஹாலிடே, சீகர் என்ற இரண்டு மருத்துவர்கள், குழந்தையின் அன்றாட நீர்த் தேவைக்கு ஒரு சுலபக் கணக்குச் சொன்னார்கள். முதல் பத்துக் கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 மில்லி, அடுத்த பத்துக்கு 50, அதற்கு மேல் 20. பதினைந்து கிலோக் குழந்தைக்கு 1250 மில்லி. அழகான கணக்கு; இன்றும் தேர்வில் கேட்கிறார்கள். ஆனால் அதோடு சேர்த்துச் சொன்ன உப்பளவு, பாலில் இருக்கும் அளவைப் பார்த்துப் போட்டது. பால் குடித்து விளையாடும் குழந்தைக்குச் சரி. அறுவை முடிந்து, வலியில், வாந்தியோடு கிடக்கும் குழந்தையின் சிறுநீரகம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வட அயர்லாந்தில் ஐந்து குழந்தைகளின் மரணத்தை ஒட்டி நீதிபதி ஜான் ஓஹாரா தலைமையில் ஆண்டுக்கணக்கில் நடந்த பொது விசாரணை, 2018 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. திரவத்தில் நடந்த தவறுகளோடு, தவறை மறைத்த மருத்துவர்களைப் பற்றியும் அந்த அறிக்கை கடுமையாகப் பேசியது. உப்புக் குறைந்த அந்தக் கரைசலைப் பொது வார்டுகளிலிருந்து அகற்றும்படி 2007-இலேயே பிரிட்டனில் எச்சரிக்கை வந்துவிட்டது. 2018-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியும், பெரும்பாலான குழந்தைகளுக்கு ரத்தத்துக்குச் சமமான உப்புள்ள நீரையே ஏற்றவேண்டும் என்று எழுதிவைத்தது. நம் ஊர்க் குழந்தைகள் வார்டுகளில் நெடுநாள் புழங்கிய ஐசோலைட்-பி, உப்புக் குறைந்த அந்த வகையைச் சேர்ந்ததுதான். மாறுவதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின.

குறைந்த சோடியத்தை ஏற்றுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு நாள் குறைந்தே கிடந்தால், மூளைச் செல்கள் தம்மிடம் இருந்த உப்புகளை வெளியேற்றிப் புது நிலைக்குப் பழகிவிடும். அப்போது வெளியே சோடியத்தை வேகமாக உயர்த்தினால் செல்கள் சுருங்கி, நரம்பு இழையின் உறை கழன்றுபோகும். நோயாளி முதலில் தெளிவார். சில நாள் கழித்து வாய் குழறி, கைகால் விழுந்துவிடும். இந்த நோயை 1959-இல் முதலில் வர்ணித்தார்கள். ஒரு நாளைக்கு 8 மில்லிமோலுக்கு மேல், மிஞ்சினால் 10-க்கு மேல் உயர்த்தாதே என்ற விதி அந்த அச்சத்தில் பிறந்தது. விதி இப்போது மறுவிசாரணையில் இருக்கிறது. டொரன்டோ மருத்துவமனைகளில் 22,858 சேர்க்கைகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான கட்டுரையில், இந்த நோய் வந்தவர்கள் 12 பேர்தான். விதி மீறப்பட்டது அதைவிடப் பல மடங்கு. அப்படியானால் விதியைத் தளர்த்தலாமா? குடிப்பழக்கம், பட்டினி, கல்லீரல் நோய், பொட்டாசியக் குறைவு உள்ளவர்களிடம் தளர்த்த எனக்குத் துணிவு வராது. வலிப்போடு வருபவருக்கு மட்டும் தயக்கம் கூடாது. மூன்று சதவீத உப்புநீரைச் சிறு அளவில் உடனே கொடுத்து முதல் சில மில்லிமோலை உயர்த்துவதுதான் உயிரைக் காக்கும்.

பொட்டாசியம் இன்னும் கறாரான பேர்வழி. உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் இரண்டு சதவீதம்தான் ரத்தத்தின் பக்கம் இருக்கிறது; லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். அந்தச் சிறு பங்கு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் இதயத் துடிப்பு தடுமாறும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலைக் கலக்காமல் நேரே சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் உப்புநீர் ஆம்பியூல் என்று நினைத்து எடுத்துவிட்ட கதைகள் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன், விபரீத நிகழ்வுகள் பற்றி 1998-இல் வெளியிட்ட தன் முதல் எச்சரிக்கையே இதைப் பற்றியதுதான்: அடர்ந்த பொட்டாசியத்தை வார்டு அலமாரியில் வைக்காதே. இளநீரையும் இங்கே சொல்லவேண்டும். அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். வெயிலில் களைத்தவருக்கு நல்லது. சிறுநீரகம் பழுதானவருக்கு ஆபத்து. வயிற்றுப்போக்கில் போன சோடியத்துக்கு அது மட்டும் ஈடாகாது.

சலைனா ஆர்.எல்லா என்ற சண்டை, கடந்த பதினைந்து ஆண்டுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை இரண்டாகப் பிரித்தது. 2012-இல் நாட்டிங்ஹாமில் பன்னிரண்டு ஆரோக்கியமான ஆண்களுக்கு இரண்டு லிட்டர் ஏற்றிப் பார்த்தபோது, சலைன் ஏறியவர்களின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்தது. மிகுதியான குளோரைடே காரணம் என்று கருதப்பட்டது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் 15,802 நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், மரணம் அல்லது பெரிய சிறுநீரகப் பாதிப்பு சலைன் பக்கம் 15.4 சதவீதம், ஆர்.எல். வகைப் பக்கம் 14.3 சதவீதம். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். உலகில் நாள்தோறும் ஏறும் பாட்டில்களின் எண்ணிக்கையோடு பெருக்கினால் சிறியதில்லை. பின்னர் பிரேசிலிலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் நடந்த பெரிய ஆய்வுகளில் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. என் தீர்ப்பு எளிது. பொதுவாக ஆர்.எல்.; தலைக்காயத்துக்கும், வாந்தியால் குளோரைடை இழந்தவருக்கும் சலைன். "ஆர்.எல்லில் பொட்டாசியம் இருக்கு, கிட்னி பேஷன்டுக்குக் கூடாது" என்று பரம்பரையாக ஒரு விதி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது லிட்டருக்கு 4 மில்லிமோல். ரத்தத்தில் இருக்கும் அளவுதான். சிறுநீரக மாற்று அறுவையில் இரண்டையும் ஒப்பிட்டு 2005-இல் வந்த ஆய்வில், பொட்டாசியம் ஆபத்தாக ஏறியது சலைன் ஏற்றியவர்களுக்கு. சலைன் தரும் அமிலத்தன்மை செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது.

ரத்தக் குழாயிலேயே தங்கும் கெட்டியான கரைசல்கள் மேல் இதற்கு முன்பு பெரிய மோகம் இருந்தது. ஆல்புமின் விலை அதிகம். 2004-இல் ஏறக்குறைய ஏழாயிரம் பேரிடம் ஒப்பிட்டபோது இறப்பில் சலைனைவிட மேலாகவும் இல்லை, கீழாகவும் இல்லை. மாவுச்சத்திலிருந்து செய்த ஹைட்ராக்ஸிஎதில் ஸ்டார்ச், 2012-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் சிறுநீரகத்தைக் கெடுப்பது தெரிந்தது. அதைப் புகழ்ந்து எழுதிக் குவித்த ஜெர்மன் மயக்கமருந்து நிபுணர் யோஆகிம் போல்டின் கட்டுரைகளை அதற்குச் சற்று முன்பிருந்தே இதழ்கள் கொத்துக் கொத்தாகத் திரும்பப் பெற்று வந்தன. போலித் தரவு ஒரு பாட்டிலை இத்தனை ஆண்டுகள் வார்டில் வைத்திருக்க முடிந்தது என்பது அந்தப் பாட்டிலைவிட அதிகம் உறுத்துகிறது.

எதை ஏற்றுவது என்பதைவிட எவ்வளவு என்பதே பெரிய கேள்வி. வியட்நாம் போரில் காயமுற்ற சிப்பாய்களுக்கு லிட்டர் லிட்டராக ஏற்றினார்கள். முந்தைய கொரியப் போரில் கொன்ற சிறுநீரகச் செயலிழப்பு குறைந்தது. ஆனால் நுரையீரல் நீர் கோத்துத் திணறியது. டா நாங் நகரில் இருந்த மருத்துவமனையின் பேரால் அதை "டா நாங் நுரையீரல்" என்றார்கள். 1994-இல் ஹூஸ்டனில், மார்பிலும் வயிற்றிலும் துப்பாக்கி அல்லது கத்திக் காயம்பட்ட 598 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆம்புலன்ஸிலேயே நீர் ஏற்றியவர்களில் 62 சதவீதம் பிழைத்தார்கள். அறுவை அரங்குக்குப் போகும்வரை ஏற்றாமல் வைத்திருந்தவர்களில் 70 சதவீதம். ஓட்டையை அடைக்காமல் அழுத்தத்தை ஏற்றினால் உறைந்த ரத்தம் பிய்த்துக்கொண்டு ஓடும்.

மனத்தை உலுக்கிய ஆய்வு ஆப்பிரிக்காவில் நடந்தது. உகாண்டா, கென்யா, டான்சானியாவில், காய்ச்சலோடு ரத்த ஓட்டம் தளர்ந்து வந்த 3141 குழந்தைகள். வேகமாக நீர் ஏற்றினால் நல்லது என்று பாடநூல் சொல்கிறது. அங்கே வசதி இல்லாததால் ஏற்றவில்லை. ஏற்றிக் காட்டுவோம் என்று தொடங்கினார்கள். 2011-இல் முடிவு வந்தது. 48 மணி நேரத்தில் வேகமாக ஏற்றிய இரு பிரிவுகளிலும் இறப்பு சுமார் பத்தரை சதவீதம். ஏற்றாத பிரிவில் 7.3. செயற்கைச் சுவாசக் கருவி இல்லாத ஊர்களின் முடிவு, மலேரியாவும் ரத்தசோகையும் மிகுந்த ஊர்களின் முடிவு, அதை வைத்து எல்லாக் குழந்தைக்கும் நிறுத்திவிடக் கூடாது என்று பல வாதங்கள் எழுந்தன. வாதங்களில் நியாயம் உண்டு. நம் மாவட்ட மருத்துவமனைகள் பல, பாஸ்டனைவிட அந்த ஊர்களுக்குத்தான் நெருக்கம் என்பதும் உண்மை.

அதற்காகப் பட்டினி போடுவதும் வைத்தியமாகாது. 2018-இல் வயிற்றில் பெரிய அறுவை செய்துகொண்ட 3000 பேரிடம் கஞ்சத்தனமாகவும் தாராளமாகவும் ஏற்றிப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து உடல்நிலையில் வேறுபாடில்லை. ஆனால் கஞ்சப் பக்கம் சிறுநீரகப் பாதிப்பு 8.6 சதவீதம், தாராளப் பக்கம் 5. தொற்று முற்றி அதிர்ச்சியில் இருப்பவர்களிடம் 2022-இலும் 2023-இலும் வெளிவந்த இரு பெரிய ஆய்வுகளில் கூட்டினாலும் குறைத்தாலும் இறப்பு ஒன்றாகவே இருந்தது. சராசரிகள் கைவிரித்துவிட்டன. இந்த மனிதருக்கு, இந்த மணி நேரத்தில் என்ன வேண்டும் என்பதை அவரைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. நாக்கு வறண்டதா, கால் குளிர்கிறதா, நகத்தை அழுத்திவிட்டால் எத்தனை நொடியில் சிவக்கிறது, மூத்திரப் பையில் எத்தனை மில்லி.

மணி நேரம் என்று சொன்னதற்கு டெங்குதான் நல்ல சாட்சி. தமிழ்நாட்டில் டெங்கு வந்த வீடுகளில் எல்லார் கண்ணும் பிளேட்லெட் எண்ணிக்கையின் மேல்தான். மருத்துவருக்கு அதைவிட முக்கியமான எண் அதே தாளில் "பி.சி.வி." என்று இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கு அது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில், "விட்டுருச்சு" என்று வீடு நிம்மதி அடையும்போது, குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேற, பி.சி.வி. ஏறும். அந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம். அதற்குள் அளந்து ஏற்றவேண்டும், ஓரிரு மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறைக்கவேண்டும். கசிவு நின்றபின் வெளியே போன நீர் தானே திரும்பும். அப்போதும் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தால், திரும்பும் நீரும் ஏறும் நீரும் சேர்ந்து நுரையீரலை மூழ்கடிக்கும். டெங்குவில் கசிவைத் தாண்டிப் பிழைத்தவர்கள் ஏற்றிய நீரில் மூச்சுத் திணறுவதைத் தடுக்கப் பெரிய கருவி வேண்டாம். நேரத்தோடு ஐ.வி. செட்டின் உருளையை மூடிவிட ஒரு கை போதும்.

கடைசியாக வாய். 1960-இல் ராபர்ட் கிரேன், குடலில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்து உள்ளே நுழைகின்றன என்று முன்மொழிந்தார். தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். காலராக் கிருமி இந்த வாசலை அடைப்பதில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய்வழி கொடுத்து, சிரைவழித் தேவையைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்கள். எங்கள் வேலூருக்கும் இதில் பங்கு உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணிபுரிந்தவர்களும், சிறுகுடலில் எளிதில் செரிக்காத மாவை அந்தக் கரைசலில் சேர்த்துக் கொடுத்தார்கள். பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைக்க, அங்கேயும் சோடியமும் நீரும் உள்ளே இழுக்கப்பட்டன, போக்கு குறைந்தது. 2000-இல் அது நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. உப்புப் போட்ட கஞ்சியை வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த பாட்டிமார் இதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

1971-இல் வங்கதேசப் போரின் அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிந்த பங்காவ் முகாமில், காலரா நோயாளிகள் தரையில் வரிசையாகக் கிடந்தார்கள். சிரைவழி நீர் தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாவிலிருந்து வந்திருந்த திலீப் மகாலனாபிஸ், உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் பொட்டலம் கட்டச் செய்து, டிரம்களில் தண்ணீரோடு கலந்து வைத்தார். தாயும் அண்ணனும் குவளையில் மொண்டு கொடுத்தார்கள். முப்பது சதவீத அளவில் இருந்த இறப்பு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2022-இல் அவர் இறந்தார். பத்ம விபூஷண் அடுத்த ஆண்டு வந்தது.

முகாமில் மக்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பாட்டில் இல்லை, ஊசி இல்லை. ஏழைகளுக்கு ஏதோ மட்டமான வைத்தியம் என்று தோன்றியிருக்கும். சிரையில் ஏற்றும் சலைனை அவர்கள் அறிவார்கள், நம்புவார்கள். அதனால் மகாலனாபிஸ் அந்தத் தண்ணீருக்கு "ஓரல் சலைன்" என்று பேர் வைத்தார். வங்காள மொழியில் இன்றும் அதற்குக் "காபார் ஸ்யாலைன்" என்றுதான் பேர், சாப்பிடும் சலைன். தமிழில் நாம் அதை ஓ.ஆர்.எஸ். பவுடர் என்கிறோம்.